மஞ்சள் தூளுக்கு ஒரே ஒரு சோதனைதான் என்றால் எதை எடுப்பது?

சந்தையில் மஞ்சள் வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். மகளிர் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், இயற்கை அங்காடி நடத்துபவர்கள், வீட்டிலேயே மசாலா தயாரிப்பவர்கள். தங்கள் தூள் சுத்தமானது என்று காட்ட ஆய்வகத்துக்குப் போனால் அங்கே நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுப்பார்கள்: குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்), ஈயம், காட்மியம், செயற்கைச் சாயம், ஸ்டார்ச், அஃப்ளடாக்சின் (பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு), பூச்சிமருந்து எச்சம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். எல்லாவற்றையும் எடுக்க ஒரு சிறு குழுவால் முடியாது. அதனால் பலர் குர்குமினுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடலாம், வாங்குபவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது ஈயத்துக்கான சோதனையாக இருக்க வேண்டும், குர்குமின் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்ல, கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம் கேட்க நினைத்த கேள்வி அதுதானா என்பதில்தான் பெரும்பாலும் குழப்பம் நடக்கிறது.

மஞ்சளில் ஈயம் எப்படி வருகிறது

மஞ்சள் செடி மண்ணிலிருந்து கொஞ்சம் ஈயத்தை இழுத்துக்கொள்ளும். கலப்படம் இல்லாத மஞ்சளில் அது பொதுவாகக் கிலோவுக்கு 1 மில்லிகிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஆனால் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளில் 23 நகரங்களின் சந்தைகளில் வாங்கிய மஞ்சளை ஆராய்ந்து 2024ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய ஊர்களில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கும் மேல் ஈயம் கொண்ட மஞ்சளைக் கண்டது. எந்த விவசாய மண்ணும் கிழங்குக்குள் இவ்வளவு ஈயத்தை ஏற்றாது. இது லெட் குரோமேட். ஈயமும் குரோமியமும் கொண்ட, பெயின்ட்டிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்க்கப்படும் பளிச்சென்ற மஞ்சள் நிறமி.

இந்தப் பழக்கத்தின் கதை வங்கதேசத்தில்தான் தெளிவாக வெளியே வந்தது. 1980களில் அங்கே பெருவெள்ளம் வந்தபோது அறுவடையான மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப்போனது. மங்கிய மஞ்சளை யாரும் வாங்கமாட்டார்கள் என்று அதற்கு நிறமி பூசத் தொடங்கினார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் நின்றுவிடவில்லை. பளபளக்கும் மஞ்சளுக்கே விலை என்று சந்தை பழகிவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் 2019ல் வெளியாயின. கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை) எடுத்து, அது மஞ்சளில் இருந்த ஈயத்தோடு பொருந்துகிறது என்று காட்டினார்கள். ரத்தத்தில் இருந்த விஷம் எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று அணுக்களின் எடையை வைத்தே சொல்ல முடிந்தது. பகுப்பாய்வு வேதியியல் செய்த மிக நல்ல வேலைகளில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன்.

நமக்கு இதில் ஒரு முக்கியமான விவரம் இருக்கிறது. நிறமி சேர்க்கப்பட்டது தூளில் மட்டும் அல்ல. வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை டிரம்மில் போட்டுப் பாலிஷ் செய்யும்போது, முழுக் கிழங்கின் மேல் அது பூசப்பட்டது. "நாங்கள் விரலியாக வாங்கி நாங்களே அரைக்கிறோம், அதனால் கலப்படத்துக்கு வாய்ப்பே இல்லை" என்று நம் ஊரில் பலர் மனசாரச் சொல்கிறார்கள். மாவு கலப்பதைத் தடுக்க அது நல்ல வழிதான். ஈயத்தை அது தடுக்காது. பாலிஷ் போட்ட விரலியை வாங்கினால் நிறமியும் சேர்ந்தே மில்லுக்குள் போகும்.

ஈரோட்டு விவசாயி இதைச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் அது, அதன் பெயருக்கு ஒரு தகுதி உண்டு. ஆனால் மஞ்சள் மூட்டை ஊர் ஊராக நகரும் சரக்கு. தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் விளைந்தது, மகாராஷ்டிரத்தின் சாங்லியில் ஏலம் போனது, எங்கோ பாலிஷ் ஆனது, கடைசியாக நம் கையில் எந்த வழியாக வந்தது என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வீட்டுச் சோதனைகள் எவ்வளவு தூரம் நம்பலாம்

இலவசமாகக் கிடைப்பதால் முதலில் இவற்றைப் பார்த்துவிடுவோம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மஞ்சள் தூளைத் தூவுவது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. தூள் கீழே படிந்து தண்ணீர் வெளிர் மஞ்சளாக நின்றால் நல்லது, தண்ணீர் முழுக்க அடர்த்தியாக நிறம் பரவினால் சாயம் இருக்கலாம். தண்ணீரில் கரையும் சாயத்தை இது ஓரளவு காட்டும். மஞ்சளில் கலக்கப்படும் செயற்கைச் சாயமான மெட்டானில் யெல்லோ அப்படிக் கரையும். லெட் குரோமேட்டோ தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் கரையாத பொருள். தூளோடு சேர்ந்து அதுவும் அமைதியாக அடியில் படிந்துவிடும். நாம் மிகவும் பயப்பட வேண்டிய பொருளுக்கு இந்தச் சோதனை கண்ணை மூடிக்கொள்கிறது.

முழு விரலியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இதைவிட உபயோகமானது. போட்ட உடனே மேலிருந்து மஞ்சள் கழன்று தண்ணீர் கலங்கினால் ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், அந்த மூட்டையை விட்டுவிடலாம். கழலவில்லை என்றால் மட்டும் சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இளஞ்சிவப்பாக மாறினால் மெட்டானில் யெல்லோ என்று சொல்லும் சோதனையில் ஒரு பாதி விட்டுப்போகிறது. அடர் அமிலத்தில் நல்ல மஞ்சளும் சிவக்கும். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் குர்குமினால் வந்த சிவப்பு மறைந்துவிடும், சாயத்தால் வந்த சிவப்பு அப்படியே நிற்கும். இந்த இரண்டாவது படியைச் சொல்லாமல் விட்டால் நல்ல தூளைக்கூடக் கலப்படம் என்று குற்றம்சாட்ட நேரும். அதோடு, அடர் அமிலம் வீட்டுச் சமையலறையில் வைத்துக்கொள்ளும் பொருளும் அல்ல.

அயோடின் சோதனையை மஞ்சளுக்குச் செய்யவே வேண்டாம். மஞ்சள் ஒரு கிழங்கு. அதில் இயல்பாகவே நிறைய ஸ்டார்ச் இருக்கிறது. இந்தியத் தர விதியே மஞ்சள் தூளில் 60 சதவீதம் வரை ஸ்டார்ச்சை அனுமதிக்கிறது. அயோடின் விட்டால் நீலமாகத்தான் ஆகும்.

குர்குமின் எண் என்ன சொல்கிறது

இப்போது பணம் கட்டி எடுக்கும் சோதனைகளுக்கு வருவோம். குர்குமினை அளக்க இரண்டு வழிகள். ஒன்று, தூளிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுத்து, 425 நானோமீட்டர் அலைநீளத்தில் அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் பார்ப்பது. இது மலிவானது, வேகமானது. ஆனால் அந்த அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும் எந்த மஞ்சள் சாயமும் குர்குமின் கணக்கிலேயே சேர்ந்துவிடலாம். இன்னொன்று ஹெச்பிஎல்சி, அதாவது கரைசலில் கலந்திருக்கும் பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை. இது குர்குமினையும் அதன் உறவுக்காரப் பொருட்களான டெமெத்தாக்ஸிகுர்குமின், பிஸ்டெமெத்தாக்ஸிகுர்குமின் ஆகியவற்றையும் தனித்தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டும். இயற்கை மஞ்சளில் மூன்றும் இருக்கும், குர்குமின் பெரிய பங்காக. முதல் முகடு மட்டும் உயர்ந்து மற்ற இரண்டும் காணாமல் போயிருந்தால் ஆலையில் தயாரித்த குர்குமினைச் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சாறு எடுத்து முடித்த சக்கையை நிறம் ஏற்றி விற்பதையும் இது ஓரளவு பிடித்துவிடும். ஆக, குர்குமின் பார்ப்பதாக இருந்தால் ஹெச்பிஎல்சியில்தான் பார்க்க வேண்டும். அந்த முகடுகள் வரைந்த படமான குரோமட்டோகிராமின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எண்ணைவிட அந்தப் படம் அதிகம் பேசும்.

இந்திய விதிப்படி மஞ்சள் தூளில் குர்குமினாய்டு (மேலே சொன்ன மூன்றும் சேர்ந்தது) குறைந்தது 2 சதவீதம் இருக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சளில் அது சுமார் 2.5 முதல் 4.5 சதவீதம். மேகாலயாவின் லகாடாங் மஞ்சளில் 7 சதவீதத்தை ஒட்டிப் போகும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் ரகத்தாலும் மண்ணாலும் வருவது. 3 சதவீதம் என்பதால் அந்த மஞ்சள் கெட்டதும் அல்ல, 6 சதவீதம் என்பதால் சுத்தமானதும் அல்ல. சமையலுக்கு மஞ்சள் வாங்குபவருக்கு இந்த எண் உண்மையில் பெரிதாக எதுவும் தருவதில்லை. மருந்து, நிறச் சாறு தயாரிக்கும் நிறுவனங்களுக்குத்தான் அது விலையை முடிவு செய்யும் எண்.

முக்கியமான கணக்கு இதுதான். லெட் குரோமேட்டின் எடையில் சுமார் 64 சதவீதம் ஈயம். கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் ஈயம் என்ற பயங்கரமான அளவை எட்ட, ஒரு கிலோ மஞ்சளில் ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமான லெட் குரோமேட் போதும். அதாவது 0.16 சதவீதம். 4 சதவீதம் குர்குமின் உள்ள தூளில் இவ்வளவு நிறமியைக் கலந்தாலும் குர்குமின் எண் அசையவே அசையாது. "குர்குமின் 4%" என்று பெருமையாக அச்சிட்ட பாக்கெட்டுக்குள் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் அளவுக்கு ஈயம் இருக்க முடியும், இரண்டு எண்களும் உண்மையாகவே இருக்கும். இதனால்தான் முதல் பணத்தைக் குர்குமினில் போடாதீர்கள் என்கிறேன்.

நுண்ணோக்கி: மலிவான வழி, மறந்துபோன வழி

அரிசி மாவு, மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு கலந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பெரிய கருவி தேவையில்லை. மஞ்சளை அறுவடைக்குப் பிறகு வேகவைக்கிறார்கள் அல்லவா? அப்போது அதன் ஸ்டார்ச் துகள்கள் வெந்து கூழாகிவிடும். நுண்ணோக்கியில் அவை வடிவம் இழந்த மஞ்சள் கட்டிகளாகத் தெரியும். கலந்த மாவோ வேகாதது. அதன் துகள்கள் முழுசாக, நிறமில்லாமல், அந்தந்தத் தானியத்துக்கே உரிய வடிவத்தோடு நிற்கும். கொஞ்சம் பழகிய கண் அரிசியையும் மக்காச்சோளத்தையும் வடிவத்தை வைத்தே பிரித்துச் சொல்லிவிடும். ஒரு கல்லூரித் தாவரவியல் துறையின் உதவி கிடைத்தால் இதைச் செய்துவிடலாம். தூளாக வாங்கி விற்பவர்களுக்கு இது அவசியம். விரலியாக வாங்கித் தாங்களே அரைப்பவர்களுக்கு இதன் தேவை குறைவு, மில்லில் முந்தின ஆள் அரைத்ததன் மிச்சம் கலப்பதைத் தவிர.

ஈயத்தைப் பார்க்க மூன்று வழிகள்

சரி, ஈயம்தான் என்று முடிவு செய்தால் எந்த முறையில் பார்ப்பது? இங்கேதான் ஒப்பிட வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

பழைய முறை ஒன்று உண்டு. தூளைச் சாம்பலாக எரித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, டைபினைல்கார்பசைடு சேர்ப்பார்கள். இளஞ்சிவப்பு வந்தால் குரோமேட் இருக்கிறது. ஆய்வறிக்கையில் "லெட் குரோமேட்: நெகட்டிவ்" என்று ஒரு வரி வந்தால் அது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். விதிப்படி மஞ்சள் தூள் இதில் நெகட்டிவாக இருக்க வேண்டும். கட்டணம் குறைவு. ஆனால் இது எண் தராது, நிறத்தைக் கண்ணால் பார்த்து ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும். அது தேடுவதும் குரோமேட்டைத்தான், ஈயத்தை அல்ல. மண்ணிலிருந்தோ, பழைய இயந்திரத்தின் பற்றவைப்பிலிருந்தோ ஈயம் வந்திருந்தால் இதற்குத் தெரியாது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு "எங்கள் மஞ்சளில் ஈயம் இல்லை" என்று சொல்வது சரியல்ல.

அடுத்தது எக்ஸ்ஆர்எஃப். கையில் பிடிக்கும் துப்பாக்கி மாதிரியான கருவி. அது எக்ஸ் கதிரை மஞ்சள் மேல் பாய்ச்சும். அணுக்களின் உள் எலக்ட்ரான்கள் வெளியேறி, அந்த இடம் நிரம்பும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி விடும். ஈயத்தின் முக்கியக் கோடு ஆர்சனிக்கின் கோட்டோடு ஏறக்குறைய ஒன்றாக விழுவதால், கருவி ஈயத்தின் இன்னொரு கோட்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லும். அமிலம் வேண்டாம், எரிக்க வேண்டாம், மாதிரியும் கெடாது. ஓரிரு நிமிடங்களில் எண் திரையில் வரும். சந்தையில் மூட்டைக்கு மூட்டை வைத்துப் பார்க்கலாம்.

வங்கதேசத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்ததில் இந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆய்வு வெளியான பிறகு அந்த நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தைக்கு எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு போய், அங்கேயே அளந்து, கலப்பட மஞ்சள் விற்ற வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. செய்தி நாடு முழுக்கப் பரவியது. 2019ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம், 2021ல் ஒன்றில்கூட இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இருந்த பழக்கம் இரண்டே வருடத்தில் ஒழிந்தது. வாங்குபவர், விற்பவர், அதிகாரி மூவரும் ஒரே இடத்தில் நின்று ஒரே எண்ணைப் பார்க்க முடிந்ததால்தான் இது நடந்தது என்று நம்புகிறேன். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வரும் அறிக்கைக்கு அந்தச் சக்தி கிடையாது.

எக்ஸ்ஆர்எஃப்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கருவியின் விலை பல லட்சம். எக்ஸ் கதிர்க் கருவி என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. மஞ்சள் போன்ற பொருளில் கிலோவுக்குச் சில மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதன் சொல்லை நம்ப முடியாது. குரோமியத்தின் கோடு ஆற்றல் குறைந்தது, அதனால் குறைந்த அளவு குரோமியத்தை அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. கருவியை மஞ்சளுக்கு ஏற்ற மாதிரி அளவீடு செய்யாமல், பெயின்ட்டுக்கோ மண்ணுக்கோ வைத்த அமைப்பில் அளந்தால் எண் தவறாகும். பூசிய கிழங்கின் மேற்பரப்பில் வைத்து அளப்பதும், அதையே அரைத்துக் கலந்து அளப்பதும் வேறு வேறு எண்ணைத் தரும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாவது ஐசிபி-எம்எஸ். அரை கிராம் அளவுத் தூளை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, மூடிய கலனில் மைக்ரோவேவ் வெப்பத்தில் முழுக்கக் கரைத்து, 6,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளிப்பார்கள். எல்லாம் அணுவாக, அயனியாக உடைந்துவிடும். அந்த அயனிகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் ஈயம்கூடத் தப்பாது. ஒரே கரைசலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பெரும்பாலான ஆய்வகங்களில் இதன் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், குர்குமினுக்கு ஆகும் செலவிலிருந்து பெரிய வித்தியாசம் இருக்காது.

ஐசிபி-எம்எஸ்ஸுக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லாவற்றையும் அணுவாக உடைத்துவிடுவதால் அந்த ஈயம் எந்தப் பொருளாக இருந்தது என்று அதற்குத் தெரியாது. ஆனால் குரோமியத்தையும் சேர்த்துக் கேட்டால் அதற்கு வழி கிடைத்துவிடும். லெட் குரோமேட்டில் ஓர் ஈய அணுவுக்கு ஒரு குரோமிய அணு. எடையில் பார்த்தால் ஈயம் குரோமியத்தைப் போலச் சுமார் நான்கு மடங்கு. அறிக்கையில் ஈயம் 120, குரோமியம் 30 என்கிற மாதிரி வந்தால் நிறமி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ஈயம் 6, குரோமியம் 0.5 என்று வந்தால் வேறு மூலத்தைத் தேட வேண்டும்: மண், களத்தின் தரை, மில்லின் பாகங்கள். குரோமியம் மட்டும் கூடுதலாக இருந்தால் அரவை இயந்திரத்தின் எவர்சில்வர் தேய்மானமாக இருக்கலாம். ஆய்வகத்திடம் குரோமியத்தை ஹீலியம் முறையில் அளக்கச் சொல்லுங்கள். பிளாஸ்மாவில் ஆர்கானும் கார்பனும் சேர்ந்து குரோமியத்தின் எடையிலேயே ஓர் அயனியை உண்டாக்கும், மஞ்சள் போன்ற கார்பன் நிறைந்த பொருளில் அது பொய்யான குரோமியத்தைக் காட்டிவிடும். ஹீலியம் முறை இதைத் தவிர்க்கும். இதைக் கேட்டால் ஆய்வகத்தில் இருப்பவர் உங்களோடு கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பேசத் தொடங்குவார்.

எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் நிம்மதி

மஞ்சளில் ஈயத்துக்கு இந்திய விதிகளில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். வங்கதேசத்தில் 2.5. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் வேர், கிழங்கு வகை நறுமணப் பொருட்களுக்கு 1.5 என்று வைத்தது. இந்த மூன்று எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மிகப் பெரியது.

ஒரு பெண் ஒரு நாளைக்கு 2 கிராம் மஞ்சள் தூள் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் சமையலில் அது நடக்கக்கூடியதுதான். தூளில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம் இருந்தால் அவர் உடலுக்குள் போவது 20 மைக்ரோகிராம். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் ஒரு நாள் குறிப்பு அளவு, எல்லா உணவும் சேர்த்தே, 8.8 மைக்ரோகிராம். குழந்தைகளுக்கு 2.2. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 10க்குக் கீழே இருப்பதால் சட்டப்படி விற்கலாம். நான் ஒரு குழுவுக்கு ஆலோசனை சொல்வதாக இருந்தால், 1.5ஐ உங்கள் சொந்த வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நல்ல மஞ்சள் சிரமமில்லாமல் அந்த வரம்புக்குள் நிற்கும். 1.5க்கும் 10க்கும் நடுவில் வரும் சரக்கை அளக்க எக்ஸ்ஆர்எஃப் போதாது, ஐசிபி-எம்எஸ்தான் வேண்டும்.

ஆக என் தேர்வு இப்படி. ஒரு சோதனைக்குத்தான் பணம் என்றால் ஐசிபி-எம்எஸ்ஸில் ஈயமும் குரோமியமும். தூளாக வாங்குபவர் என்றால் அதோடு நுண்ணோக்கி. மூன்றாவதாகப் பணம் இருந்தால்தான் ஹெச்பிஎல்சி. மாதத்துக்குப் பல டன் வாங்கும் கூட்டமைப்போ, ஒழுங்குமுறை விற்பனைக்கூடமோ என்றால் கணக்கே மாறிவிடும்: ஒரு எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பொதுவில் வாங்கி வைத்து, வரும் ஒவ்வொரு லாட்டையும் அளந்து, சந்தேகமானதை மட்டும் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். ஈரோடு மாதிரியான ஊரில் இது ஏன் இன்னும் சாதாரணமாகவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நேர்மையாக விளைவிக்கும் விவசாயிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

அஃப்ளடாக்சின், பூச்சிமருந்து எச்சம் ஆகியவை ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கட்டாயம். உள்ளூரில் விற்பவர் மழையில் நனைந்த, பூஞ்சை வாடை அடிக்கும் சரக்கை வாங்காமல் இருந்தாலே அஃப்ளடாக்சின் அபாயம் பெரிதும் குறையும். பூச்சிமருந்தைப் பொறுத்தவரை, இயற்கை மஞ்சள் என்று எழுதி விற்பவர்கள் அந்தச் சோதனையை எடுக்காமல் விற்பது நியாயமல்ல. இது உண்மையிலேயே ஈரோட்டு மஞ்சள்தானா என்று ஐசோடோப்பு வழியாகவோ தனிம அளவுகள் வழியாகவோ சொல்ல முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். கொள்கை அளவில் முடியும். ஒப்பிட்டுப் பார்க்க ஊர்வாரியான நம்பகமான மாதிரித் தொகுப்பு இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதுவரை விற்பனைக்கூடத்தின் ஏலச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது மலிவான, நல்ல சான்று.

மாதிரி எடுப்பதும் அறிக்கையைப் படிப்பதும்

எவ்வளவு நல்ல கருவியும் நாம் கொடுக்கும் அரை கிராமைத்தான் அளக்கும். பூசிய நிறமி எல்லா மூட்டையிலும் ஒரே மாதிரி இருக்காது. பத்து மூட்டை இருந்தால் பத்திலும், மேலே நடுவே அடியே என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிர்ப் பகுதிகளைச் சேர்த்து, திரும்பவும் பிரித்து, அதிலிருந்து அரைத்து அனுப்புங்கள். அதே மாதிரியில் ஒரு பாக்கெட்டைத் தேதி போட்டு, ஒட்டி, உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

அறிக்கை வந்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதல்ல, மஞ்சளில் ஈயம் என்ற இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது. "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். 5 மில்லிகிராமுக்குக் கீழே தெரியாத முறையில் கண்டறியப்படாததற்கும் 0.05க்குக் கீழே கண்டறியப்படாததற்கும் நூறு மடங்கு வித்தியாசம். அப்புறம், "கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்ற வரி ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசியில் இருக்கும். ஒரு வருடத்துக்கு முன்னால் எடுத்த அறிக்கையைக் காட்டி இன்றைய சரக்கை விற்பவரிடம் அந்த வரியைச் சுட்டிக்காட்டலாம்.

நறுமணப் பொருட்கள் வாரியத்தின் தர ஆய்வகங்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. வாங்கி உபயோகிக்கும் சாதாரண ஆட்களுக்கும் ஒரு வழி உண்டு. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்கும் எவரும் கட்டணம் கட்டி அந்தப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் சோதிக்கப்போவதாகச் சொல்ல வேண்டும். பொருள் சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். மேல்நடவடிக்கையும் அங்கிருந்து தொடங்கும்.

சிறு தயாரிப்பாளருக்கு மோசமான முடிவு வந்தால் அந்தச் சரக்கை இன்னொரு வியாபாரியிடம் தள்ளிவிடவோ, நல்ல சரக்கோடு கலந்து எண்ணைக் குறைக்கவோ கூடாது. மூட்டைகளை ஒதுக்கி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஏலச் சீட்டையும் அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த லாட், யாரிடம் வாங்கியது, எங்கே பாலிஷ் போட்டது என்ற மூன்றும் தெரிந்தால்தான் நிறமி சேர்ந்த இடம் வரை போய்ப் பார்க்க முடியும்.